கணுக்கால் அளவு தண்ணீர்

பிறந்தநாள் என்றால் நம் வீடுகளில் ஓர் ஒழுங்கு உண்டு. காலையில் தலைக்கு எண்ணெய், புதுச்சட்டை, கோயிலில் பெயர் நட்சத்திரம் சொல்லி ஓர் அர்ச்சனை, மதியம் வடை பாயசத்தோடு சாப்பாடு, மாலையில் அணிச்சல். (கேக் என்று எழுதினால் என் தமிழ்ப்பள்ளி ஆசிரியை இன்றும் சிவப்பு மையில் வட்டமிடுவார்!) இந்த ஒழுங்கில் அண்மைக் காலத்தில் புதிதாகச் சேர்ந்துகொண்டதுதான் 'எங்கேயாவது போகலாம்' என்பது. பள்ளி விடுமுறையில் பிறந்த பிள்ளைகள் கொடுத்து வைத்தவர்கள். என் தம்பி டிசம்பரில் பிறந்தவன்.

2019ஆம் ஆண்டு அவன் ஆறாம் ஆண்டை முடித்தான். யூ.பி.எஸ்.ஆர். தேர்வு முடிவும் வந்துவிட்டது. "பொறந்தநாளுக்கு என்னடா வேணும்?" என்று அப்பா கேட்டார். கைப்பேசி கேட்பான் என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தோம்.

"சன்வே லகூன் போகணும்ப்பா. தண்ணியில வெளையாடணும்."

வீடு அமைதியாகிவிட்டது. அம்மா பாட்டியைப் பார்த்தார். அப்பா தரையைப் பார்த்தார். மற்ற வீடுகளில் இது சாதாரண ஆசை. எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத ஆசை.

காரணத்தைச் சொல்ல வேண்டுமானால் எங்கள் ஊரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பேராக் மாநிலத்தில் பத்துகாஜாவை அடுத்த ஊர் எங்களுடையது. கிந்தா பள்ளத்தாக்கு முழுவதும் ஒரு காலத்தில் ஈயம் விளைந்த மண். தஞ்சோங் துவாலாங் போகும் சாலையில் 1938இல் கட்டப்பட்டு 1982வரை உழைத்த ஈயம் தோண்டும் கப்பல் ஒன்று இன்றும் காட்சிப் பொருளாக நிற்கிறது. பள்ளிச் சுற்றுலாவில் நானும் ஏறிப் பார்த்திருக்கிறேன். கப்பல் போகாத இடங்களில் வேறு முறை. பெரிய குழாய்களால் நீரைப் பீய்ச்சி அடித்து மண்ணைக் கரைப்பார்கள். கரைந்த சேற்றை உயரமான மரச் சாரத்துக்கு ஏற்றி, அங்கிருந்து வழியவிட்டு ஈயத்தைப் பிரிப்பார்கள். ஈயம் தீர்ந்ததும் ஆட்கள் போய்விடுவார்கள். பள்ளம் மட்டும் இருக்கும். மழை பெய்து அது நிரம்பும். அதைத்தான் எங்கள் பக்கத்தில் 'குட்டை' என்பார்கள். 1985இல் உலகச் சந்தையில் ஈய விலை சரிந்த பிறகு அப்படிக் கைவிடப்பட்ட குட்டைகள் இன்னும் பெருகின.

மேலே இருந்து பார்த்தால் குட்டை அழகாக இருக்கும். பச்சையும் நீலமும் கலந்த அமைதியான நீர். ஆற்றங்கரைபோல் அது மெல்ல மெல்ல ஆழமாவதில்லை என்பதுதான் ஆபத்து. ஓர் அடி வைத்தால் முழங்கால், அடுத்த அடியில் ஆளையே மூழ்கடிக்கும் ஆழம். கரை மண்ணோ தளர்ந்தது. ஏற முயன்றால் கையோடு பெயர்ந்து வரும். அடியில் வழவழவென்ற களிமண் சேறு. கால் ஊன்ற முடியாது.

1975இல் அப்பாவுக்கு எட்டு வயது. அவருடைய அண்ணனுக்குப் பதினொன்று. அப்போது அவர்கள் தோட்டத்து லயத்தில் இருந்தார்கள். தாத்தாவும் பாட்டியும் பால்மரம் வெட்டப் போயிருந்த ஒரு காலைப் பொழுதில் பெரியப்பா கங்கோங் கீரை பறிக்கக் குட்டைப் பக்கம் போனார். கரையில் நின்று கை நீட்டியவர் கரையோடு போய்விட்டார். உடன் போன பிள்ளைகள் ஓடிவந்து லயத்தில் சொன்னபோது, அங்கே நீச்சல் தெரிந்த ஒருவரும் இல்லை.

நான் பெரியப்பாவைப் படத்தில்கூடப் பார்த்ததில்லை. ஒரு படமும் எடுத்து வைக்கவில்லையாம். ஆண்டுக்கு ஒரு முறை படையலில் அவருக்கென்று ஒரு இலை போடப்படும். அதில் கங்கோங் இருக்காது. எங்கள் வீட்டில் கங்கோங் சமைப்பதே இல்லை.

அன்று முதல் பாட்டி ஒரு சட்டம் போட்டார். தண்ணீர்ப் பக்கம் யாரும் போகக்கூடாது. ஆறு, கடல், அருவி, குளம் எதுவும் கூடாது. சூடு கண்ட பூனை அடுப்பங்கரையை நாடாது என்பார்களே, அந்தக் கதைதான். இடைநிலைப்பள்ளியில் என் வகுப்புத் தோழிகள் லாத்தா கிஞ்சாங் அருவிக்குப் போனபோது நான் வீட்டில் இருந்தேன். பங்கோர் தீவுக்குப் போன குடும்பச் சுற்றுலாவில் நாங்கள் படகில் ஏறி, இறங்கி, கோயிலைப் பார்த்துவிட்டு, கடலில் கால் நனைக்காமல் திரும்பினோம். அப்பாவுக்கு 52 வயதாகியும் நீச்சல் தெரியாது. அம்மாவுக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது.

இப்படிப்பட்ட வீட்டில்தான் தம்பி அந்த ஆசையைச் சொன்னான். பாட்டி நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "எத்தன வயசு முடியுது இவனுக்கு?" என்றார். தெரியாமல் கேட்டதில்லை. பேரப்பிள்ளைகளின் வயதை மாதக் கணக்கோடு சொல்லக்கூடியவர் அவர்.

"பன்னெண்டு, பாட்டி."

"பன்னெண்டு" என்று ஒரு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். "சரி, போவோம். நானும் வர்றேன்."

போகிற வழியெல்லாம் தம்பிதான் பேசிக்கொண்டு வந்தான். விடியுமுன் கிளம்பி வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் வேன் ஓடியது. பாட்டி இரவெல்லாம் விழித்துப் புளிச்சோறும் உருளைக்கிழங்குப் பிரட்டலும் செய்து கட்டிக்கொண்டு வந்திருந்தார். உள்ளே வெளிச் சாப்பாடு கொண்டுபோக முடியாது என்று அத்தை கைப்பேசியில் சொல்லிவிட்டதால், வாகனம் நிறுத்துமிடத்திலேயே பாய் விரிக்காத குறையாக உட்கார்ந்து சாப்பிட்டோம். உடைதான் எனக்குப் பெரிய கவலையாக இருந்தது. அதைத் தீர்த்து வைத்தவள் என் மலாய்த் தோழி. கை முழுக்க, கால் முழுக்க மூடும் நீச்சலுடை இரண்டை இரவல் கொடுத்திருந்தாள். ஒன்று எனக்கு, ஒன்று அவள் அம்மாவுடையது, என் அம்மாவுக்கு. "உங்க அம்மாவும் இறங்கட்டும்" என்று சொல்லித்தான் கொடுத்தாள். அம்மா அதைப் பையின் அடியில் ஒளித்து வைத்திருந்தார்.

அந்தப் பூங்கா சமதளத்தில் இல்லை. பெரியதொரு பள்ளத்துக்குள் இருக்கிறது. மேலே கட்டடங்கள், பேரங்காடி, தங்கும் விடுதி. கீழே நீர்க்குளங்களும் சறுக்குகளும். பள்ளத்தைக் கடக்க நீண்ட தொங்கு பாலம் ஒன்றும் உண்டு. மேலே கம்பி ஓரத்தில் நின்று எல்லாரும் கீழே எட்டிப் பார்த்தோம். தம்பி சறுக்குகளை எண்ணிக்கொண்டிருந்தான். பாட்டி பள்ளத்தின் சுவரைப் பார்த்தார். பாறையும் மண்ணுமாகச் செங்குத்தாக இறங்கும் சுவர். பிறகு அப்பாவிடம் மெதுவாகக் கேட்டார்:

"இது குட்டதானடா?"

அப்பா திடுக்கிட்டார். அவருக்குத் தெரியும். அந்த நிலம் பழைய ஈயச் சுரங்கம். அங்கே தொழில் நடத்திய நிறுவனமே பின்னர் அதைச் சீரமைத்து நகரமாக்கியது. 1993இல் பூங்காவைத் திறந்தது. பாட்டிக்குத் தெரிய வேண்டாம் என்று அதை மறைத்தே அழைத்து வந்திருந்தார். ஆனால் ஐம்பது ஆண்டுகளாகக் குட்டைகளுக்கு நடுவில் வாழ்ந்தவருக்குக் குட்டையின் சுவர் அடையாளம் தெரியாமல் போகுமா?

"ஆமாம்மா. பழைய ஈயக் குட்டதான். வேணாம்னா இப்பவே திரும்பிடலாம்."

தம்பியின் முகம் வாடிவிட்டது. ஆனாலும் அவன் ஒன்றும் சொல்லவில்லை. அவனுக்கும் கதை தெரியும். பாட்டி அவன் தோளைப் பிடித்துக்கொண்டார். "காசு குடுத்தாச்சில்ல. எறங்குங்க" என்றார்.

கீழே அலைக்குளத்தின் ஓரத்தில் ஒரு நாற்காலி கிடைத்தது. பாட்டி அதில் உட்கார்ந்தார். மடியில் எங்கள் பைகள், காலடியில் எங்கள் செருப்புகள். தம்பி உயிர்காப்பு அங்கி மாட்டிக்கொண்டு அப்பாவின் கையைப் பிடித்தபடி நீருக்குள் நடந்தான். பாட்டியின் கண் அவன் தலையை விட்டு அகலவில்லை. கூட்டத்தில் தலை மறைந்தால் எழுந்து நிற்பார், தெரிந்தால் உட்காருவார். நானும் அன்று நீரில் இறங்கவில்லை. அவர் அருகிலேயே நின்றேன்.

சற்று நேரம் கழித்து ஊதல் ஒலித்தது. அலை தொடங்கப் போகிறது என்பதற்கான அறிவிப்பு. இத்தகைய குளங்கள் பலவற்றில் ஆழமான பக்கத்துச் சுவருக்குப் பின்னால் அறைகள் இருக்கும். அவற்றுக்குள் காற்றை அழுத்தி ஊதினால் உள்ளே இருக்கும் நீர் வெளியே தள்ளப்படும். காற்றை விட்டால் மீண்டும் உள்ளே ஏறும். இதை மாறி மாறிச் செய்தால் அலை பிறக்கும். இதெல்லாம் நான் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டவை. அன்று நான் கண்டது பாட்டியின் கை என் கையை இறுக்கியதைத்தான்.

கரையில் உயரமான இருக்கையில் ஓர் இளைஞர் அமர்ந்திருந்தார். சிவப்புச் சட்டை, கழுத்தில் ஊதல். அவர் கண் ஓரிடத்தில் நிற்காமல் இடமும் வலமுமாகக் குளத்தைத் துழாவிக்கொண்டே இருந்தது. பாட்டி அவரையும் கவனித்திருக்கிறார். அவர் வேலை மாறி இறங்கி வந்தபோது, "தம்பி" என்று கூப்பிட்டார். நல்ல வேளை, தமிழர்.

"இதுக்கு ஆழம் எவ்ளோ?"

"ஓரத்துல ஒண்ணுமில்ல பாட்டி. கணுக்கால் அளவுதான். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாத்தான் எறங்கும். கடற்கர மாதிரி."

"திடுதிப்புன்னு பள்ளம் வராதா?"

"வராது பாட்டி. சிமெண்டு தரை. அதோட நாங்க எப்பவும் பார்த்துக்கிட்டு இருப்போம்."

"நீ ஒருத்தன்தானா?"

"இல்ல பாட்டி. அங்க பாருங்க, இங்க பாருங்க." அவர் விரல் காட்டிய பக்கமெல்லாம் ஒரு சிவப்புச் சட்டை இருந்தது. பாட்டி ஒவ்வொன்றாக எண்ணினார்.

அவர் போன பிறகு பாட்டி எனக்குச் சொன்னாரோ தமக்கே சொல்லிக்கொண்டாரோ தெரியாது. "அன்னைக்கு இப்படி ஒருத்தன் அங்க நின்னிருந்தா போதும். ஒரே ஒருத்தன்."

என் காதில் இன்றுவரை ஒலிக்கும் சொற்கள் அவை. 44 ஆண்டுகளாக எங்கள் வீடு தண்ணீரைக் குற்றவாளியாக்கி வைத்திருந்தது. பாட்டியோ அன்று ஒரு மணி நேரத்தில் வேறொன்றைக் கண்டுவிட்டார். வேலி போடாத பள்ளம், எச்சரிக்கைப் பலகை இல்லாத கரை, நீந்தத் தெரியாத ஒரு லயம், வேலைக்குப் போயே ஆக வேண்டிய பெற்றோர். இத்தனையும் சேர்ந்துதான் பெரியப்பாவைக் கொண்டுபோயின. அதே மாதிரிப் பள்ளம்தான் இங்கேயும். ஆனால் இதன் அடியைச் சீராக்கியிருக்கிறார்கள், ஆழத்தை அளந்திருக்கிறார்கள், கண்காணிக்க ஆள் வைத்திருக்கிறார்கள். அதனால் நூறு பிள்ளைகள் அதில் கூச்சலிட்டுச் சிரிக்கிறார்கள்.

பிற்பகலில் அம்மா பையின் அடியில் இருந்த உடையை எடுத்தார். "அத்தை, நான் கொஞ்சம்..." என்று இழுத்தார். "போயேன். எங்கிட்ட எதுக்குக் கேக்கற?" என்றார் பாட்டி. 41 வயதில் முதன்முறையாக இடுப்பளவு நீரில் நின்ற என் அம்மா சிறுபிள்ளைபோல் கத்தியதை அன்றுதான் கேட்டேன். கடைசியில் பாட்டியும் எழுந்தார். சேலையைச் சற்றே தூக்கிச் செருகிக்கொண்டு, என் தோளைப் பிடித்தபடி, ஓரத்துத் தண்ணீரில் நின்றார். ஓர் அலை வந்து கணுக்காலை நனைத்துவிட்டுப் போனது. அடுத்ததும் வந்தது. ஆறேழு அலைகள் இருக்கும். "போதும்" என்று திரும்பிவிட்டார். அன்று மாலை அத்தை வீட்டில் அணிச்சல் வெட்டியபோது முதல் துண்டைத் தம்பி பாட்டிக்கு ஊட்டினான். பாட்டி அழுதார். யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

ஊர் திரும்பிய பின் அப்பா செய்த முதல் வேலை, ஈப்போவில் ஒரு நீச்சல் வகுப்பில் தம்பியைச் சேர்த்தது. இடையில் பெருந்தொற்று வந்து வகுப்பு நின்றது, பிறகு தொடர்ந்தது. இப்போது 18 வயதில் நன்றாக நீந்துகிறான். நான் பல்கலைக்கழகத்தின் இரண்டாம் ஆண்டில், என்னைவிடப் பாதி வயதுப் பிள்ளைகள் நீந்தும் குளத்தில், பலகையைப் பிடித்துக்கொண்டு காலடிக்கப் பழகினேன். 25 மீட்டரை நிற்காமல் கடந்த அன்று பாட்டிக்குத்தான் முதலில் தொலைபேசியில் சொன்னேன். அவருக்கு இப்போது 79 வயது. "மூச்சு வாங்கலியே?" என்று மட்டும் கேட்டார்.

இதைக் குடும்பக் கதையாக மட்டும் எழுத எனக்கு விருப்பமில்லை. உலகச் சுகாதார நிறுவனம் 2024இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2021ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறக்குறைய 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்திருக்கிறார்கள். அவர்களில் நால்வரில் ஒருவர் ஐந்து வயதுக்கும் குறைந்த குழந்தை. நம் நாட்டிலும் பள்ளி விடுமுறை வந்தால் ஆறு, அருவி, குட்டை என்று ஏதாவதொரு துயரச் செய்தியை நாளிதழில் படிக்கிறோம். "ஐயோ பாவம்" என்று பக்கத்தைப் புரட்டுகிறோம். வீட்டுப் பிள்ளைகளை நோக்கி, "தண்ணிப் பக்கம் போகாதே" என்கிறோம். பிள்ளைகள் போகத்தான் செய்வார்கள். எங்கள் வீட்டில் சட்டம் இருந்தது, நீச்சல் இல்லை. நாங்கள் யாராவது கால் தவறி விழுந்திருந்தால் அந்தச் சட்டம் எங்களைத் தூக்கி விட்டிருக்காது.

நம் தமிழ்ப்பள்ளிகளின் பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் தேர்வு வழிகாட்டிப் பட்டறைகளைச் சிறப்பாக நடத்துகின்றன. ஆண்டுக்குச் சில சனிக்கிழமைகள் பிள்ளைகளை அருகிலுள்ள பொது நீச்சல் குளத்துக்கு அழைத்துப் போகவும் அவற்றால் முடியும். பெண் பிள்ளைகளையும் சேர்த்து அழைத்துப் போக வேண்டும். மானத்தோடு உடுத்தி நீந்தும் உடைகள் இன்று கடைகளில் கிடைக்கின்றன. நம் மொழிக் கழகம் விடுமுறைகளில் தோட்டப்புறப் பள்ளிகளுக்குச் சேவைக்குச் செல்கிறது. அடுத்த முறை நீந்தத் தெரிந்த நண்பர்கள் நான்கு பேர் என்னோடு வாருங்கள். மற்ற ஏற்பாடுகளை நான் பார்த்துக்கொள்கிறேன்.