சஹாரன்பூரின் சாணைச் சக்கரங்கள்

குர்ஆனை வைத்து ஓதும் மடக்குப் பலகை உங்கள் வீட்டில் இருந்தால் ஒரு தடவை விரித்துப் பாருங்கள். ஆணியோ பசையோ இன்றி, ஒரே பலகையைப் பிளந்து மடங்கச் செய்திருப்பார்கள். அதில் திராட்சைக் கொடி செதுக்கியிருந்தால் அது இந்தியாவின் சஹாரன்பூரிலிருந்து வந்ததாக இருக்கலாம்.

டில்லியிலிருந்து மீரட், முஸப்பர்நகர் வழியாக வடக்கே ஓடும் ரயில் தேவ்பந்தைக் கடந்து அவ்வூரை அடைகிறது. நம்மவர்கள் பெரும்பாலும் 1866இல் நிறுவப்பட்ட தேவ்பந்த் தாருல் உலூமையும், அதே ஆண்டில் சஹாரன்பூரில் உருவான மழாஹிருல் உலூமையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் போனால் காத்தா கேரிப் பக்கமும் சென்று வாருங்கள். மரச் சிற்பிகளின் பகுதி அது. எங்கும் ஷீஷம் மரத்தின் தூள். ஈட்டி மரத்தின் இனத்தைச் சேர்ந்த, உறுதியான மரம். அதனால் உளியின் வாய் விரைவில் மழுங்கிவிடும்.

மழுங்கிய உளி ஆபத்தானது. கைக்காரர் கூடுதலாக அழுத்துவார். அது வழுக்கி மறுகையில் பாயும். எனவே அடிக்கடி தீட்ட வேண்டும். சாணையை அங்கே ‘ஸான்’ என்கிறார்கள். நமது சொல்லுக்கு உடன்பிறப்பு!

முன்பு கல்லும் தண்ணீரும் போதும். மோட்டார்ச் சாணையோ நிமிடத்துக்கு ஏறத்தாழ 2,800 தடவை சுழலக்கூடியது. அரை மணி வேலை அரை நிமிடத்தில் முடிகிறது. ஆனால் உளியின் நுனி மெல்லியது. சூடு 300 பாகை செல்சியஸை நெருங்கினால் அதில் நீலம் பாயும். நீலம் பாய்ந்த உருக்கு பதம் இழந்துவிட்டது. பிறகு தண்ணீரில் முக்கினாலும் பதம் திரும்பாது. அந்தப் பகுதியை முழுவதும் தேய்த்துத் தள்ளவேண்டும். தகப்பனிடமிருந்து மகனுக்கு வந்த உளி இப்படித்தான் குட்டையாகிப்போகிறது. ஆகவே தேர்ந்தவர்கள் மெதுவாகத் தொட்டு, சூடேறுமுன் தண்ணீரில் நனைத்து, மீண்டும் தொடுவார்கள். குழிந்த வாயுள்ள உளியென்றால் கையில் உருட்டிக்கொண்டே தீட்டவேண்டும்.

சாணை விட்டுச்சென்ற பிசிறை மெருகுப் பசை தடவிய துணிச் சக்கரம் போக்கும். இங்கே திசையில் கவனம் தேவை. சக்கரம் உளியின் வாயை விட்டு விலகும் திசையில் சுழலவேண்டும். எதிர்த்துப் பிடித்தால் வாய் துணியில் குத்தி, உளியைப் பிடுங்கி எறிந்துவிடும். அதிகம் மெருகேற்றினாலும் கெடுதிதான். வாய் உருண்டு, கண்ணாடிபோல் மின்னும், மரத்தை வெட்டாது. ஒரு துண்டு மரத்தை நாருக்குக் குறுக்கே செதுக்கிப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்: வெட்டிய இடம் பளபளத்தால் நல்லது, வெள்ளைக் கீறல் விழுந்தால் வாயில் பல் இருக்கிறது.

என்னைக் கேட்டால், உடைந்த வாயைச் சீர்செய்ய மட்டும் மோட்டாரைப் பயன்படுத்தி, நாளாந்தத் தீட்டலைக் கல்லுக்கே விட்டுவிடுவது மேல்.

பட்டறையும் வீடும் ஒன்றாக உள்ள இடங்களில் பெண்களும் பிள்ளைகளும் சக்கரத்தருகே நடமாடுவார்கள். துப்பட்டா நுனியும் அவிழ்ந்த கூந்தலும் சக்கரத்தில் சிக்கிவிடும், கையுறையும் அப்படியே. தீப்பொறியை வேடிக்கை பார்க்கும் பிள்ளையின் கண்ணுக்கு மறைப்பு ஏது?

உங்கள் சமையலறைக் கத்திக்கும் இதே கதைதான். தீட்டுபவர் மோட்டார்ச் சக்கரத்தில் அழுத்திப் பிடித்தால் நுனியைப் பார்த்துக்கொண்டிருங்கள். மஞ்சள் நிறம் தட்டத் தொடங்கினால், நீலமாகுமுன், “கொஞ்சம் தண்ணீரில் நனையுங்கள், நானா” என்று சொல்லிவிடுங்கள்.