சயாமில் முதல் நாள்

எங்கள் வீட்டில் சயாம் என்ற சொல்லை யாரும் உரத்துச் சொல்வதில்லை. 1943-ஆம் ஆண்டில், பேராக் மாநிலத்து ரப்பர்த் தோட்டமொன்றில் பால்மரம் சீவிக்கொண்டிருந்த என் தாய்வழிப் பாட்டனாரை ஜப்பானியர் ரயில்பாதை போடுவதற்கென்று கொண்டு சென்றனர். அப்போது என் தாயார் மூன்று மாதக் கைக்குழந்தை. தாய்லாந்தையும் பர்மாவையும் இணைத்த, 415 கிலோமீட்டர் நீளமுடைய அந்தப் பாதை அதே ஆண்டு அக்டோபரில் முடிந்தது. போனவர் திரும்பவில்லை. இறந்தார் என்ற செய்திகூட வந்து சேரவில்லை. அந்த நாடு 1939-இலேயே தாய்லாந்து எனப் பெயர் பூண்டுவிட்டது. தோட்டத்து மக்களின் நாவில் அது கடைசிவரையில் சயாமாகவே இருந்தது.

ஆகவே, பள்ளி விடுமுறைக்குப் பாங்காக் போகலாம் என்று என் மகள் சொன்னபோது, எண்பதைக் கடந்துவிட்ட அம்மா உடன் வருவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. "நானும் வர்றேன்" என்றார். காரணம் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

சீலோம் வட்டாரத்தில் தங்கியிருந்தோம். மறுநாள் காலை சாத்தோன் துறையில் படகேறி, சாவ் பிரயா ஆற்றின்வழியே வடக்கு நோக்கிச் சென்றோம். பழுப்பு நிறத்து ஆறு. ஆகாயத்தாமரைக் கூட்டங்கள் மிதந்து வந்தன. இடப்பக்கத்தில் அருணன் பெயரைத் தாங்கிய கோயிலின் கோபுரம் தோன்றியதும் மகள் படமெடுக்க விரைந்தாள். அம்மாவோ கரையோரத்து வீடுகளில் துணி உலர்த்தும் பெண்களையே பார்த்துக்கொண்டு வந்தார். "நம்மள மாதிரிதான் இருக்காங்க" என்றார். வேறெப்படி இருப்பார்கள் என்று நினைத்திருந்தார் போலும்!

1782-இல் தலைநகரோடு சேர்ந்தே எழுந்தது அரச மாளிகை. அதன் பொன்னொளியையும் கூட்டத்தையும் பயணநூல்கள் போதுமான அளவுக்குப் பாடிவிட்டன. எங்களை நிறுத்தி வைத்தவை மரகத புத்தர் கோயிலின் சுற்றுமதிலில் தீட்டப்பட்ட இராமகதை ஓவியங்களே. மொத்தம் 178 காட்சிகள். தாய்லாந்தியர் தம் இராமகதையை இராமகியேன் என்பர். அதில் அனுமன் பிரமசாரியல்லன். காதல் புரிவான், மனைவியரும் உண்டு. இதைச் சொன்னதும் அம்மா வாயில் கைவைத்துச் சிரித்தார். அந்தப் பயணத்தில் அவர் முதன்முதலாகச் சிரித்தது அப்போதுதான்.

பிற்பகலில் வாடகை வண்டி பிடித்துப் பேரூஞ்சலைக் காணச் சென்றோம். வாட் சுதாட் கோயிலின் முன்னே செந்நிறம் பூசிய இரண்டு தேக்குத் தூண்கள் வானளாவ நிற்கின்றன. பண்டு இங்கே மனிதர்கள் ஊஞ்சலாடி விழா எடுத்தனர். 1935-ஆம் ஆண்டோடு அந்த ஆட்டம் நிறுத்தப்பட்டது. விழாவின் பெயர் திரியம்பாவாய். பெயரைக் கேட்டதும் தமிழ்க் காது விழித்துக்கொள்ளும். ஆம், நம் திருவெம்பாவையேதான். ஊஞ்சல் நின்றாலும், அருகிலுள்ள தேவஸ்தானத்தில் அரசவைப் பிராமணர்கள் ஆண்டுதோறும் அப்பாடல்களை ஓதி வருகின்றனர். பொருள் மறந்து, ஒலியும் பெரிதும் திரிந்துபோயிற்று. ஓதுவதை மட்டும் விடவில்லை. தமிழ்ப்பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்பலாமா வேண்டாமா என்று இன்னும் தயங்கும் நம்மவர்களை ஒருமுறை இங்கே அழைத்து வரலாம்.

மாலையில் சீலோமுக்குத் திரும்பி மாரியம்மன் கோயிலுக்குச் சென்றோம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்குக் குடியேறிய தமிழர்கள் எழுப்பிய கோயில் இது. தாய்லாந்தியர் இதனை வாட் கேக் என்பர். கேக் என்றால் விருந்தினர். இந்தியரைக் குறிக்கவும் அவர்கள் அந்தச் சொல்லையே வழங்குகின்றனர். வாயிலெங்கும் செவ்வந்தி மாலைக் கடைகள். உள்ளே சென்றால் நம்மவர் சிலரே; அலுவலகம் முடிந்து வந்த தாய்லாந்துப் பெண்கள் வரிசை வரிசையாக முழந்தாளிட்டு, கண்மூடி அமர்ந்திருந்தனர். அம்மா நெடுநேரம் அவர்களையே நோக்கினார். பிறகு தணிந்த குரலில் என்னிடம் கேட்டார்:

"அப்பா இந்தக் கோயிலப் பாத்திருப்பாரா?"

அந்தக் கேள்விக்கு நான் ஆயத்தமாக இருக்கவில்லை. எனினும், படித்தறிந்ததைச் சொன்னேன். மலாயாவிலிருந்து ஆட்களை ஏற்றி வந்த சரக்கு வண்டிகள் பாங்காக்வரை வருவதில்லை. இந்நகருக்கு மேற்கே, பான் போங் என்னும் ஊரிலேயே அவர்களை இறக்கிவிடுவார்கள். அங்கிருந்து காட்டு முகாம்களுக்குப் பலர் நடந்தே சென்றனர். இந்த ஆற்றையோ, கோபுரங்களையோ, பக்கத்திலேயே இருந்த இந்த அம்மனையோ அவர் கண்டிருக்க வழியில்லை.

அம்மா தலையசைத்தார். எண்பது ஆண்டுகளாக அவர் மனத்தில் சயாம் என்றால் மழை கொட்டும் ஒரே காடு. அந்தக் காட்டிலிருந்து ஒரு நாள் ரயில் தொலைவில் தீபாராதனை நடந்துகொண்டிருந்தது என்பதை அவர் எவ்வாறு ஏற்றுக்கொண்டார் என்று முகத்தைப் பார்த்து அறிய முடியவில்லை. குங்குமத்தை வாங்கி எங்கள் நெற்றியில் இட்டார். தாம் இட்டுக்கொள்ளவில்லை; என் தந்தையார் காலமான பிறகு அவர் குங்குமம் வைப்பதில்லை. பாட்டியோ, கணவர் வருவார் என்று நம்பி, பல ஆண்டுகள் பொட்டை அழிக்காமலே இருந்தாராம்.

இரவு உணவின்போது மகள் மறுநாளுக்குரிய திட்டத்தை எடுத்தாள். மிதக்கும் சந்தை, அங்காடிகள், இன்னும் என்னென்னவோ. அம்மா இடைமறித்து, "அந்த ரயிலு இப்பவும் ஓடுதா?" என்றார். ஓடுகிறது. ஆற்றின் மறுகரையிலுள்ள தோன்புரி நிலையத்திலிருந்து காலையில் ஒரு வண்டி காஞ்சனபுரி வழியாக அந்தப் பழைய பாதையிலேயே நாம் தோக் வரையில் செல்கிறது. விடுதிப் பணியாளரிடம் கேட்டு, டாக்சி ஓட்டுநரிடம் காட்டுவதற்காக நிலையத்தின் பெயரைத் தாய்மொழியிலேயே எழுதி வாங்கி வந்தேன். அம்மா அந்தத் தாளைப் பார்த்துவிட்டு மடித்துச் சுருக்குப்பையில் வைத்துக்கொண்டார்.

"கோயில் வாசல்ல ரெண்டு மாலை வாங்கிடு. அங்கெல்லாம் கெடைக்குமோ என்னமோ" என்றார்.

கடைகள் இன்னும் மூடப்படவில்லை. நானும் மகளும் இறங்கி நடந்தோம்.