குளிரூரில் எதற்குக் குளிர்ப்பெட்டி?



பள்ளி விடுமுறை நெருங்கினால் முகாம் ஏற்பாடுகளும் தொடங்கிவிடும். கூடாரம், கயிறு, கைவிளக்கு, மருந்துப் பெட்டி என்று பட்டியல் நீளும். ஆனால் கேமரன் மலையில் பிறந்து வளர்ந்த என்னைப் போன்றோரின் பட்டியலில் ஒரு பொருள் மட்டும் இடம்பெறுவதே இல்லை. அதுதான் குளிர்ப்பெட்டி. "ஊரே ஐஸ் பெட்டி மாதிரி இருக்கு, இதுல தனியா ஒரு பெட்டியா?" என்று நானே ஒரு காலத்தில் சிரித்தவள்தான். அந்தச் சிரிப்புக்கு நான் கொடுத்த விலையை இன்று எழுதுகிறேன்.

2013-ஆம் ஆண்டு, தேயிலைத் தோட்டத்துத் திடலொன்றில் எங்கள் மாணவர்களுக்கு இரண்டு நாள் முகாம் நடத்தினோம். உணவுப் பொறுப்பு என்னுடையது. காலை ஒன்பது மணிக்கே கோழியைப் பொரித்து, சூடு ஆறுமுன் பெரிய நெகிழிப் பாத்திரத்தில் அடைத்து, மரத்தடியில் வைத்துவிட்டேன். மாலை ஆறு மணிக்குப் பிள்ளைகளுக்குப் பரிமாறினோம். அதில் வாடையும் இல்லை, சுவையும் மாறவில்லை. இரவு பத்து மணிக்குள் ஆறு பிள்ளைகள் வாந்தி எடுத்தார்கள்.

மருத்துவமனையில் கேட்ட முதல் கேள்வியே, "எத்தனை மணிக்குச் சமைத்தீர்கள்?" என்பதுதான். ஆறு பேரும் மறுநாளே நலமடைந்தனர். ஆனால் அன்றிரவு தம் மகளை அழைத்துச் செல்ல வந்த தந்தை சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. பகலெல்லாம் கொழுந்துக் கூடை சுமந்தவர். கோபப்படவில்லை. "உங்கள நம்பித்தானே டீச்சர் அனுப்பி வச்சோம்" என்றார். அவ்வளவுதான்.

எங்கே தவறினேன்? தானா ராத்தா கடல் மட்டத்திலிருந்து 1,400 மீட்டருக்கும் மேல் உள்ளது. ஆயினும் இங்குப் பகல் வெப்பநிலை 20 பாகை செல்சியசைத் தாண்டும். நமக்கு அது குளிர். நோய்க்கிருமிகளுக்கு அது குளிரே அன்று. ஏறத்தாழ 5 பாகைக்கும் 60 பாகைக்கும் இடைப்பட்ட வெப்பநிலையில் அவை பெருகுகின்றன. சமைத்த உணவை இரண்டு மணி நேரத்திற்கு மேல் வெளியில் வைக்கக் கூடாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. நான் ஒன்பது மணி நேரம் வைத்திருந்தேன்.

என் அம்மா இந்தத் தவற்றைச் செய்திருக்க மாட்டார். லயன் வீட்டில் எங்களிடம் குளிர்சாதனப் பெட்டி இல்லை. ஆனாலும் அம்மா மலைக்குளிரை நம்பியதில்லை. அடுப்பைத்தான் நம்பினார். அன்றன்று சமைத்ததை அன்றே முடிப்பார். மிஞ்சிய குழம்பை மீண்டும் கொதிக்க வைத்துச் சுண்ட வைப்பார். படித்த எனக்குத்தான் அது தோன்றவில்லை.

அடுத்த முகாமுக்குமுன் பெட்டி வாங்குவதென்று முடிவாயிற்று. பெற்றோர் ஆசிரியர் சங்கம் ஒதுக்கிய தொகை 150 ரிங்கிட். பல நூறு ரிங்கிட் விலையுள்ள தடித்த சுவர்ப் பெட்டிகளைக் கடையில் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டோம். பிறகு இருவகைப் பெட்டிகளை இரவல் வாங்கிப் பள்ளியிலேயே சோதித்தோம். ஒன்று மீன் வியாபாரிகள் பயன்படுத்தும் வெள்ளை நுரைப் பெட்டி. மற்றொன்று ஏறத்தாழ அதே அளவுள்ள, பார்வைக்கு அழகான நெகிழிப் பெட்டி. ஒவ்வொன்றிலும் இரண்டு கிலோ பனிக்கட்டி இட்டுக் காலை 7.30-க்கு மூடினோம். பிற்பகல் ஒரு மணிக்கு மாணவர்கள் நிறுத்துப் பார்த்தார்கள். நுரைப் பெட்டியில் ஒரு கிலோவுக்கு மேல் எஞ்சியிருந்தது. அழகுப் பெட்டியில் ஒரு கிலோகூட இல்லை!

காரணத்தைக் கண்டுபிடித்தவன் ஐந்தாம் ஆண்டு மாணவன். மூடியை விரலால் தட்டினான். உடுக்கை போல் ஒலித்தது. சுவரில் நுரை இருந்தது. மூடியின் உள்ளே வெறும் காற்று.

வெப்பத்தைத் தடுப்பது பெட்டியின் நிறமும் பெயரும் அல்ல, இடையில் அடைத்த பொருள்தான். வரலாறும் இதையே சொல்கிறது. பிரெடரிக் டியூடர் என்னும் அமெரிக்க வணிகர் 1833-இல் பாஸ்டனிலிருந்து கல்கத்தாவுக்குக் கப்பலில் பனிக்கட்டி அனுப்பினார். ஏரிப் பனியை வெட்டி அடுக்கி, மரத்தூளால் பொதிந்தார்கள். ஏறத்தாழ நான்கு மாதப் பயணத்திற்குப் பிறகும் பாதிக்கு மேல் உருகாமல் வந்து சேர்ந்தது. அத்தகைய பனிக்கட்டியைச் சேமிக்கச் சென்னைக் கடற்கரையில் 1842-இல் கட்டப்பட்ட ஐஸ் ஹவுஸ்தான் இன்றைய விவேகானந்தர் இல்லம். மரத்தூளுக்கு என்ன பெரிய விலை?

முடிவில், மூடியிலும் நுரை நிரப்பிய 45 லிட்டர் பெட்டியொன்றை 109 ரிங்கிட்டுக்கு வாங்கினோம். பானங்களுக்கு அந்த மலிவான நுரைப் பெட்டியே போதுமென்று மீதிப் பணத்தில் அதையும் வாங்கிக்கொண்டோம். பட்டறிவில் கற்றவற்றை உங்களுக்காகத் தொகுத்துத் தருகிறேன்.

1. வாங்குமுன் மூடியைத் தட்டிப் பாருங்கள். வீட்டிலுள்ள பெட்டியின் மூடி வெற்று மூடியாக இருந்தால், கூடாரத்தில் விரிக்கும் நுரைப்பாயில் ஒரு துண்டு வெட்டி உள்ளே பொருத்துங்கள். மூடி இறுக்கமாகப் பொருந்துகிறதா என்றும் பாருங்கள்.

2. ஏற்கெனவே குளிர்ந்த பொருள்களையே உள்ளே வையுங்கள். ஒரு கிலோ பனிக்கட்டி உருகும்போது ஏறத்தாழ 334 கிலோஜூல் வெப்பத்தை ஈர்க்கும். 25 பாகையில் இருக்கும் ஒரு லிட்டர் நீரை 4 பாகைக்குக் கொண்டுவர ஏறத்தாழ 88 கிலோஜூலை நீக்க வேண்டும். அரை லிட்டர் புட்டிகள் பன்னிரண்டை அப்படியே வைத்தால், அவற்றைக் குளிர்விக்கவே ஒன்றரைக் கிலோவுக்கு மேல் பனிக்கட்டி தீர்ந்துவிடும்.

3. மசாலா தடவிய கோழியை முதல்நாளே உறைய வைத்து, கசியாத பையில் கட்டிப் பெட்டியின் அடியில் வையுங்கள். குடிநீர்ப் புட்டிகளிலும் சிலவற்றைச் சற்றுக் குறைவாக நிரப்பி உறைய வையுங்கள். இன்று அவை பனிக்கட்டி, நாளை குடிநீர்.

4. உணவுக்கு ஒரு பெட்டி, பானத்துக்கு ஒரு பெட்டி. பிள்ளைகள் பானப் பெட்டியைப் பத்து நிமிடத்திற்கு ஒருமுறை திறப்பார்கள், தடுக்க முடியாது.

5. பெட்டி நிழலில் இருக்கட்டும். உள்ளே ஒரு வெப்பமானி வையுங்கள். 5 பாகையைத் தாண்டி நெடுநேரம் இருந்த இறைச்சியைத் தயங்காமல் எறிந்துவிடுங்கள்.

அதன்பின் நடந்த முகாமுக்கு அந்தத் தந்தை தம் மகளை மீண்டும் அனுப்புவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அனுப்பினார். வழியனுப்ப வந்தவர் பெட்டியைத் திறந்து காட்டச் சொன்னார். காட்டினேன். வெப்பமானி 3 பாகையைக் காட்டியது. தலையசைத்துவிட்டுக் கொழுந்து பறிக்கக் கிளம்பிவிட்டார்.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளை முகாமுக்குப் போகிறதென்றால் நீங்களும் திறந்து காட்டச் சொல்லுங்கள். எந்த நல்லாசிரியரும் அதற்காக வருத்தப்பட மாட்டார்.