பச்சையப்பனும் என் கையும்

சுவரில் பல்லி கத்தினால் எந்தத் திசைன்னு பார்த்து, பலனை யோசிக்கிற வம்சம் எங்களது. தங்கமணிக்கோ பல்லின்னாலே அலறல். அப்படிப்பட்ட எங்க புனே வீட்டு ஹாலில் ஒரு பச்சை இகுவானா 2023 ஜூனில் இருந்து குடியிருக்கு. மூக்கில் இருந்து வால் நுனி வரை நாலடி. ஆளைப் பார்த்தா நம்மூர் ஓணானுக்குப் பெரியப்பா மாதிரி இருப்பார். சொந்த ஊர் மத்திய, தென் அமெரிக்கக் காடுகள். சுத்த சைவம்!

வந்த கதை ரொம்பச் சின்னது. எதிர் பிளாட் குடும்பம் வேலை மாற்றலாகி ஜெர்மனிக்குக் கிளம்பினாங்க. "ரெண்டு மாசம் மட்டும் வச்சிருங்க, யாராவது வாங்கிப்பாங்க"ன்னு சொன்னாங்க. நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள சின்னவள் "சரி ஆன்ட்டி"ன்னுட்டா. அவளுக்கு அப்போ பதினோரு வயசு. யாரும் வரலை. ரெண்டு மாசம் ரெண்டு வருஷத்தைத் தாண்டிடுச்சு.

இப்போ கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன். திருநெல்வேலி பக்கம் நாங்க சின்னப் பசங்களா இருந்தப்போ லீவு விட்டா முதல் வேலை ஓணான் பிடிக்கிறதுதான். தென்னை ஈர்க்கு நுனியில் சுருக்குப் போட்டு, வேலியோரம் பின்னாடியே போய், மேலேருந்து மெதுவா இறக்கி கழுத்தில் மாட்டணும். பிடிச்சப்புறம் தாத்தா டப்பாவில் இருந்து சுட்ட மூக்குப்பொடியை அதுக்குப் போட்டு, அது தலைகால் புரியாம சுத்துறதைப் பார்த்துச் சிரிப்போம். இப்போ எழுதவே கூசுது. ஆனா ஊர்ல இருக்கிற எந்த ஓணானும் என்னை மன்னிக்காதுங்கறது உண்மை.

அந்தக் கைதான் இந்தக் கூண்டுக்குள்ளேயும் போச்சு.

வந்து மூணாவது வாரம். கூண்டைக் கழுவணும், எனக்கு ஆபீஸ் கால் இருக்கு, அவசரம். சின்னவள் வர்ற வரைக்கும் பொறுக்காம, மேல்மூடியைத் திறந்து கையை விட்டு லபக்குன்னு பிடிச்சேன். அது வாலால் ஒரு விளாசு விளாசிச்சு பாருங்க, சாட்டையடியேதான், முழங்கையில் ரெண்டு நாள் தடிப்பு. நான் பதறி இன்னும் இறுக்க, அது திமிற, என் கையில் ஒரு ஜாண் வால் மட்டும் மிச்சம். அந்த வால் தரையில் விழுந்து தனியாத் துடிச்சுக்கிட்டே இருந்துச்சு. வாசலில் ஸ்கூல் பையோட நின்னு சின்னவள் அதைப் பார்த்துட்டா.

அவ அழலை. கத்தலை. நாலு நாள் என்கிட்டே பேசலை, அவ்வளவுதான்.

டாக்டர்கிட்டே தூக்கிட்டு ஓடினோம். அவர் திட்டாமலே புரிய வைச்சார். இகுவானா தலை உச்சியில் வெளிறின ஒரு செதில் தெரியும். அதுதான் மூணாவது கண். நம்ம ஊர் நெற்றிக்கண் மாதிரி எரிக்காது, உருவமும் தெரியாது. வெளிச்சமும் நிழலும் மட்டும்தான் தெரியும். மேலேருந்து நிழல் விழுந்தா அதுக்குப் பருந்துன்னு அர்த்தம். "நீங்க பருந்து மாதிரி போயிருக்கீங்க, அது உயிர் பிழைக்க வாலைக் கழட்டிக் கொடுத்திருக்கு"ன்னார். வால் திரும்ப முளைக்கும், ஆனா பழைய மாதிரி இருக்காதுன்னும் சொன்னார்.

அஞ்சாவது நாள் சின்னவள் எனக்கு ஒரு தண்டனை கொடுத்தா. "அப்பா, டெய்லி காலைல ஏழு மணிக்கு நீ கூண்டு பக்கத்துல சும்மா உக்காரணும். பத்து நிமிஷம். போன் கூடாது. தொடக் கூடாது." என்னோட பழைய டி-ஷர்ட்டைத் துவைக்காம உள்ளே போடச் சொன்னா. பல்லி இனம் நாக்கை நீட்டித்தானே வாசனை பிடிக்கும், என் வாசனை அதுக்குப் பழகணுமாம்.

முதல் வாரம் நரகம். போன் இல்லாம பத்து நிமிஷம் உக்காந்து பாருங்க தெரியும் :-) நான் அசைஞ்சா அது உடம்பைத் தட்டையாக்கி, தாடையைத் தொங்கவிட்டு, தலையை ஆட்டி மிரட்டும். சின்னவளும் பக்கத்திலேயே தரையில் உக்காந்து ஹோம்வொர்க் பண்ணுவா. பேச்சு கிடையாது. நான் எப்பவும் போல "டெஸ்ட் என்னாச்சு, மார்க் எவ்வளவு"ன்னு ஆரம்பிச்சா, "அப்பா, சும்மா"ன்னு வாயில் விரல் வைப்பா.

மூணாவது வாரம்னு நினைக்கிறேன். நான் எதுவும் கேட்கலை. அவளா சொன்னா: "இதுக்கு நானும் அவளும் சேர்ந்துதான் பேர் தேடினோம். இப்போ அவளுக்கு அங்கே வேற ஃப்ரெண்ட்ஸ் வந்துட்டாங்க போல. மெசேஜே பண்றதில்லை."

எதிர் பிளாட் பொண்ணு. அஞ்சு வருஷம் ஒரே பஸ், ஒரே பெஞ்ச். ஏதோ ஆசைப்பட்டு ஒரு பிராணியைக் கேட்கிறான்னு நான் நினைச்சிருந்தேன். போன சிநேகிதி விட்டுட்டுப் போனதில் அவளுக்கு மிச்சமிருந்தது இது ஒண்ணுதான். அதோட வாலைத்தான் நான் பிய்ச்சிருக்கேன். என்ன பதில் சொல்றதுன்னு தெரியலை. நல்லவேளை, பேசக்கூடாதுங்கறதுதானே தண்டனை. சும்மா உக்காந்திருந்தேன். அவ மேலே மேலே சொல்லிக்கிட்டே போனா.

இகுவானா விஷயத்துக்கு வர்றேன். அப்புறம்தான் கை. பக்கவாட்டில் இருந்து, தாழ்வா, அதோட கண்ணுக்குத் தெரியற மாதிரி, கையில் ஒரு செம்பருத்திப் பூவோட. பல நாள் பூவை மட்டும் சாப்பிட்டுட்டு முகத்தைத் திருப்பிக்கிச்சு. ஒருநாள் நாக்கை நீட்டி என் விரலைத் தொட்டுச்சு. ஈரம்கூட இல்லை, தூசி பட்ட மாதிரி. சின்னவள் பக்கத்தில் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு இருந்தா.

தூக்குறதுக்கு இன்னும் ரெண்டு மாசம் ஆச்சு. வயித்துக்கு அடியில் கையைக் கொடுத்து, நாலு காலும் ஊன்ற மாதிரி தாங்கணும். வாலைப் பிடிக்கவே கூடாது. கண்ணை மூடினா சுகமாத் தூங்குதுன்னு நான் பூரிச்சுப் போனேன். டாக்டர் சிரிச்சார். பிடிக்காதப்பவும் 'நீ எனக்கு வேண்டாம்'னு கண்ணை மூடிக்குமாம். உடம்பு தளர்வா இருக்கா, மூச்சு நிதானமா இருக்கான்னு பார்க்கணும். விறைப்பா இருந்தா இறக்கி விட்டுடணும். தொட்டுட்டு சோப்பு போட்டுக் கை கழுவணும், சால்மொனெல்லா கிருமி இருக்கும்.

வெயிலும் வேணும். ஜன்னல் கண்ணாடி வழியா வர்ற வெயிலில் அதுக்கு வேண்டிய புற ஊதாக் கதிர் வடிகட்டப்பட்டுடும். அது இல்லாட்டி கால்சியம் உடம்பில் ஒட்டாது, எலும்பு வளைஞ்சுடும். அதனால் அதுக்குன்னு தனி விளக்கு, புனே ஜனவரிக் குளிருக்குத் தனி ஹீட்டர். 2018 ஜனவரியில் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் குளிர் தாங்காம இகுவானாக்கள் விறைச்சு மரத்தில் இருந்து பொத்து பொத்துன்னு விழுந்த செய்தியைப் படிச்சதில் இருந்து, கரண்ட் பில்லைப் பத்தி நான் வாயைத் திறக்கறதில்லை.

அந்த டிசம்பரில் அம்மா ஊரில் இருந்து வந்தாங்க. "என்னல இது, சின்னப்புள்ளைல கல்லால அடிச்ச, இப்போ தட்டு வச்சு சோறு போடுத?" சின்னவள் பயந்துக்கிட்டே, "ஆச்சி, தொடுறீங்களா?"ன்னு கேட்டா. "காஞ்சிபுரத்துல ஏணி ஏறி தங்கப் பல்லியவே தொட்டவ நான். இதத் தொட மாட்டனா?"ன்னு கையை நீட்டிட்டாங்க. பச்சையப்பன்னு பேர் வச்சதும் அவங்கதான். முருங்கைக்கீரையில் கால்சியம் அதிகம், இகுவானாவுக்கு நல்லதுன்னு கேட்டதும் ஆச்சிக்கு ஒரே பெருமை. பசலைக்கீரை தினம் ஆகாது, அதில் இருக்கிற ஆக்சலேட் கால்சியத்தைப் பிடிச்சு வச்சுக்கும். எங்க தெரு காய்கறிக்கார மாவ்ஷி முருங்கைக்காயை வித்துட்டு, கீரையை எங்களுக்குச் சும்மாவே கொடுப்பா. ஆச்சியும் பேத்தியும் அதை ஆய்ஞ்சுக்கிட்டே ஒரு மாசம் பேசினதில், சின்னவளோட தமிழ் அஞ்சு வருஷத்துக்குச் சேர்த்துத் தேறிடுச்சு.

வால் முளைச்சுடுச்சு. பழுப்பா, கோடு எதுவும் இல்லாம, கொஞ்சம் குட்டையா. ஒட்டுப் போட்ட இடம் தெளிவாத் தெரியும். அதுக்கு நம்ம மேல பாசமான்னு கேட்கிறாங்க. நாய் மாதிரி வாலாட்டாது, கூப்பிட்டா ஓடி வராது. இந்தக் கை பருந்து இல்லைன்னு முடிவு பண்ணியிருக்கு, அவ்வளவுதான். எனக்கு அது போதும்.

காலை ஏழு மணி இன்னும் தொடருது. இப்போ அவளுக்குப் பதிமூணு வயசு. சில நாள் பேசுவா, சில நாள் பேசமாட்டா. நான் மார்க் கேட்கறதில்லை.

டிஸ்கி: இதைப் படிச்சுட்டு யாரும் கடைக்கு ஓடாதீங்க. இது ஆறடி வரை வளரும், பதினஞ்சு வருஷம்கூட வாழும். 2024 பிப்ரவரியில் வந்த விதிகள்படி, இந்த மாதிரி அயல்நாட்டு இனங்களை அரசின் பரிவேஷ் தளத்தில் பதியணும். கைமாறினாலும் சொல்லணும். நாங்க பதிஞ்சாச்சு. நம்மூர் உடும்பு சட்டத்தின் முதல் அட்டவணையில் பாதுகாக்கப்பட்டது, அதை வளர்க்கவே கூடாது. ஓணானை வேலியிலேயே விட்டுடுங்க, பாவம்.