அக்கா கண்ணில் ஒரு நொய்

எங்கள் அம்மா 2014-ல் காலமானபோது, அமெரிக்காவிலிருந்து வந்த அக்கா ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. கண் சிவந்து கூடத்து மூலையில் உட்கார்ந்திருந்தாள். "டாலர் வந்தா ஈரம் போயிடும் போல" என்று பெரியம்மா வாய்விட்டே சொன்னாள். நான் மறுத்துப் பேசவில்லை. எனக்கும் மனசுக்குள் அதே எண்ணம்தான்.

2018-ல் அக்காவுக்கு மூட்டுவாதம் முற்றி விரல்கள் கோணிப் போயின. அத்தான் கூப்பிட, இரண்டு மாதம் கூட இருக்க நியூஜெர்ஸிக்குப் போனேன். மறுநாள் காலையே ஒரு பொட்டலத்தை என் கையில் கொடுத்து, "இதை நீதாம்மா போடணும். எனக்குக் கை நடுங்குது" என்றார். உள்ளே, நொய்யரிசி மாதிரி ஒரு துளிக் குச்சி. நீளம் மூன்றரை மில்லிமீட்டர்தான். லாக்ரிசர்ட் என்று பெயர். அதைக் கீழ் இமைக்குள் வைக்க வேண்டுமாம்!

"கண்ணுக்குள்ளேயா?" எனக்கு உள்ளங்கை வேர்த்துவிட்டது.

அப்போதுதான் அக்கா விஷயத்தைச் சொன்னாள். அவளுக்கு வந்திருப்பது ஷோக்ரன் நோய். 1933-ல் அதை விவரித்து எழுதிய ஸ்வீடன் நாட்டுக் கண் டாக்டரின் பெயர் அது. உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே, கண்ணீரும் எச்சிலும் சுரக்கிற சுரப்பிகளைப் பாழாக்கிவிடுகிறது. இது வருகிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் நம் பெண்கள்தானாம். மூட்டுவாதத்தோடு சேர்ந்தும் வரும். கண்ணில் ஓயாமல் மணல் உறுத்தல். தண்ணீர் குடிக்காமல் இட்லிகூடத் தொண்டையில் இறங்காது. (உங்களில் யாருக்காவது கண்ணும் வாயும் சேர்ந்து வறண்டால், டாக்டரிடம் இரண்டையும் சொல்லுங்கள். அக்கா கண்ணை மட்டும் சொல்லிச் சொல்லியே வருஷங்கள் ஓடிவிட்டன.)

"அம்மா போனப்பவும் அழுதேன்டி. தண்ணிதான் வரலை. அப்போ எனக்கே இது வியாதின்னு தெரியாது" என்றாள்.

நான் என்ன சொல்வேன்? கையைச் சோப்புப் போட்டுக் கழுவப் போனேன்.

கூடவே ஒரு சின்னக் கருவி இருக்கிறது. அதை வெந்நீரில் அலசி, உதறி, நுனியிலுள்ள பள்ளத்தால் குச்சியை ஒற்றி எடுக்க வேண்டும். கீழ் இமையை மெல்ல முன்னால் இழுத்தால் பை மாதிரி விரியும். அதன் அடியில் குச்சியைப் படுக்க வைத்து, கீழே பார்க்கச் சொல்லிவிட்டு இமையை விட வேண்டும். என் இரண்டு குழந்தைகளுக்கும் தினம் மை தீட்டிய கைதான் (அது கூடாது என்கிறார்கள் டாக்டர்கள், எனக்கு அப்போது தெரியாது). ஆனாலும் முதல் நாள் மூன்று தடவை தவறவிட்டேன்.

குச்சியிலே வலி போக்கும் மருந்து எதுவும் கிடையாது. ஐந்து மில்லிகிராம் செல்லுலோஸ் வகைப் பொருள். இருக்கிற ஈரத்தில் ஊறி, கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து கண்ணை வழவழப்பாக வைக்கிறது. சொட்டு மருந்து என்றால் மணிக்கொரு தரம் புட்டியைப் பிதுக்க வேண்டும். அந்த விரல்களால் அது நடக்கிற காரியமா? இது நாளைக்கு ஒன்று போதும். சங்கடமும் உண்டு. சில நேரம் பார்வை மங்கும், இமைமயிர் பிசுபிசுக்கும். ஒரு நாள் தூக்கக் கலக்கத்தில் அக்கா கண்ணைக் கசக்க, குச்சி வெளியே வந்து விழுந்துவிட்டது. புதிதாக இன்னொன்று வைத்தேன்.

கிளம்பும் முன் அத்தானுக்குப் பழக்கிவிட்டேன். முழங்கையை மேஜையில் ஊன்றிக்கொண்டால் நடுக்கம் குறைகிறது.

ஊர் திரும்பியதும் பெரியம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "அவளுக்குப் போன் போட்டுக் கொடு" என்றாள்.