படத்தில் இல்லாத பெண்

எலிஸபெத் காட்லெட்டின் ஒரு லினோகட் படம் என்னை நெடுநாளாகச் சங்கடப்படுத்தி வருகிறது. அவர் அமெரிக்காவில் 1915இல் பிறந்த கறுப்பினச் சிற்பி. அடிமைகளாக இருந்தவர்களின் பேத்தி. 1946-47இல் மெக்ஸிகோவில் இருந்தபோது, லினோலியத்தில் செதுக்கி, 15 படங்கள் கொண்ட வரிசை ஒன்றை அச்சிட்டார். முதலில் 'நீக்ரோ பெண்' என்று பெயர். பின்னாளில் அவரே 'கறுப்பினப் பெண்' என்று மாற்றினார். தலைப்புகளைத் தொடர்ந்து படித்தால் ஒரு பெண் 'நான்' என்று ஆரம்பித்துப் பேசிக்கொண்டே போவது தெரியும். அவள் வயலில் உழைக்கிறாள், பிறர் வீடுகளில் வேலை செய்கிறாள். ஹாரியட் டப்மனாகவும் ஃபிலிஸ் வீட்லியாகவும் ஆகிறாள். அந்த 'நான்' ஒருத்தியல்ல.

நான் சொல்லும் படம் வரிசையின் கடைசிக்கு முந்தியது. தன் அன்புக்குரியவர்களைப் பற்றித் தனக்கென்று ஒரு தனி அச்சம் உண்டு என்கிறது தலைப்பு. படத்தில் அவள் இல்லை. கழுத்தில் கயிற்றுடன் ஒருவன் தரையில் கிடக்கிறான். அவனுக்கு மேலே, நிற்பவர்களின் கால்கள் மட்டும். முகங்களைச் சட்டம் வெட்டிவிட்டது.

கொள்கைக்காகச் செய்த கலை உருவத்தில் பலவீனமாகத்தான் இருக்கும் என்று நம்மில் பலருக்கு ஒரு சௌகரியமான முடிவு இருக்கிறது. காட்லெட் சேர்ந்து வேலைசெய்த மக்கள் அச்சுக்கலைப் பட்டறை, சாதாரண ஜனங்களுக்காகவே படம் அச்சிட்ட இடம். சுவரொட்டி மனசு மட்டும் இருந்திருந்தால் பிணத்தின் மேல் விழுந்து அழும் ஒரு தாயைச் செதுக்கியிருப்பார். நாமும் அவளுக்காக இரக்கப்பட்டு, இரக்கப்பட்ட திருப்தியோடு பக்கத்தைப் புரட்டியிருப்போம். அந்தத் தாயை விலக்கியது உருவம் பற்றிய தீர்மானம். அந்த விலக்கலில்தான் படம் நிற்கிறது.

அவள் எங்கே என்று தேடினால், பார்க்கிற இடத்தில் இருக்கிறாள். நாம் காண்பது அவள் கண்டது.

ஆனால் அந்த இடம் அவளுக்கு மட்டும் உரியதல்ல. கும்பல் கூடிக் கறுப்பர்களைக் கொன்ற காலத்தில் பிணத்தைச் சுற்றி நின்று புகைப்படம் எடுத்தார்கள். அவை தபால் அட்டைகளாக விற்பனையாயின. அந்தக் காமிரா இருந்ததும் ஏறக்குறைய இதே இடத்தில்தான். காமிராவின் பார்வையை அவளுடைய பார்வையாக மாற்றுவது தலைப்பிலுள்ள 'என்' என்ற ஒரு சொல். அதை எடுத்துவிட்டால் படம் கும்பலின் கைக்குப் போய்விடும். தன்மை ஒருமைக்கு இவ்வளவு வேலை கொடுத்த கவிதைகள் எனக்கு அதிகம் தெரியாது.

இந்த வரிசையிலேயே இன்னொரு தலைப்பு, தனக்கும் தேசத்துக்கும் நடுவே கம்பித் தடைகளே தனக்குக் கிடைத்த வெகுமதி என்கிறது. காட்லெட் 1962இல் மெக்ஸிகோப் பிரஜையானார். விரும்பத்தகாத அந்நியர் என்று சொல்லி அமெரிக்கா அவருக்கு விசா மறுத்தது. 1971இல், ஹார்லெமின் ஸ்டூடியோ மியூசியத்தில் அவருடைய கண்காட்சி நடந்தபோதுதான் நுழைய அனுமதி கிடைத்தது. செதுக்கிய வரி செதுக்கியவருக்கே நடந்தது.

வாழ்க்கைக் குறிப்பு தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் படம் விடுவதில்லை. அதன் முன்னால் ரசிகனாக மட்டும் நிற்க இயலவில்லை. எனக்குப் பதிலாக அழ அங்கே ஆளில்லை. அவளாக நின்று பார்க்கிறேனா, கால்கள் மட்டும் தெரியும் அந்த மனிதர்களில் ஒருவனாகவா என்பதற்கு ஒவ்வொரு தடவையும் நானே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.