எதிலிருந்து தொடங்குவது

கஷ்டமான எழுத்து என்ற பிரயோகத்தை நம்மிடையே ரொம்பச் சுலபமாகப் புழங்கவிட்டுவிட்டோம். ஒரு கவிதை அச்சாகிறது. ஒருவர் புரியவில்லை என்கிறார். இன்னொருவர் புரியாமையே அதன் குணம் என்கிறார். இரண்டு பேரும் திருப்தியாக வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். கஷ்டம் எப்படிக் காரியம் செய்கிறது, எந்த இடத்தில் அது வாசகனிடம் எதையோ கோருகிறது, எந்த இடத்தில் வெறுமனே அவனை வாசலுக்கு வெளியே நிறுத்திவைக்கிறது என்ற விசாரணைக்கு யாரும் வருவதில்லை. எனக்கு இந்தக் கேள்வி சில வருஷங்களாக வீடியோ கேம் விளையாடுவதிலிருந்து எழும்பிக்கொண்டிருக்கிறது. இந்தச் சொல்லை இங்கே பார்த்து முகம் சுளிப்பவர்கள் முன்பு சினிமாவுக்கும் சுளித்தவர்கள்தான். அவர்களுக்குப் பதில் சொல்லி இடத்தை விரயம் செய்யப்போவதில்லை.

நான் சொல்லும் வகை 2009-ல் தொடங்கியது. ஜப்பானின் ஃப்ரம்ஸாஃப்ட்வேர் என்ற கம்பெனி அந்த வருஷம் 'டீமன்ஸ் ஸோல்ஸ்' என்ற ஆட்டத்தை வெளியிட்டது. (1986-ல் ஆபீஸ்களுக்கான மென்பொருள் எழுத ஆரம்பிக்கப்பட்ட கம்பெனி இது என்பதில் பாங்க் குமாஸ்தாவான எனக்கு ஒரு அல்ப சந்தோஷம்.) பணம் போட்ட ஸோனியில் ஒரு பெரிய அதிகாரி வெளியீட்டுக்கு முன் இரண்டு மணி நேரம் ஆடிப் பார்த்து, ஆரம்பத்தைத் தாண்ட முடியாமல், இது உருப்படாது என்று சொல்லிவிட்டார். அமெரிக்காவில் அதை ஸோனி வெளியிடவில்லை. அட்லஸ் என்ற வேறொரு நிறுவனம் வெளியிட்டது. பிறகு 2011-ல் 'டார்க் ஸோல்ஸ்', அதன் தொடர்ச்சிகள் 2014-லும் 2016-லும், நடுவில் 2015-ல் 'ப்ளட்போர்ன்', 2019-ல் 'ஸெகிரோ', 2022-ல் 'எல்டன் ரிங்'. மற்ற கம்பெனிகளும் பின்னால் வந்தன. ஜப்பானின் 'நியோ' (2017), கொரியாவின் 'லைஸ் ஆஃப் பி' (2023) போன்றவை அப்படி வந்தவற்றில் சொல்லத்தக்கவை.

விதி எளிமையானது. எதிரியைக் கொன்றால் ஆன்மாக்கள் சேரும். பணமும் அதுதான், பலம் ஏற்றிக்கொள்வதும் அதைக் கொண்டுதான். செத்தால் கையிலிருந்த அத்தனையும் செத்த இடத்தில் கிடக்கும். திரும்ப நடந்துபோய் எடுத்துக்கொள்ளலாம். போகும் வழியில் மறுபடி செத்தால் போனது போனதுதான். தீ மூட்டிய இடத்தில் உட்கார்ந்தால் உடம்பு தேறும், குடுவை நிறையும். ஆனால் கொன்ற எதிரிகள் எல்லோரும் எழுந்து பழைய இடத்தில் நிற்பார்கள். அந்த உலகத்தில் பாங்க் கிடையாது. யாரும் எதையும் டெபாசிட் செய்ய முடியாது. ஒரு விதிவிலக்கு: பிணங்களிடமிருந்து பொருளாக எடுக்கும் ஆன்மாக்கள், உடைத்துச் செலவழிக்கும் வரை, எத்தனை தடவை செத்தாலும் பையில் பத்திரமாக இருக்கும். இதை ஃபிக்ஸட் டெபாசிட் என்று நான் மனசுக்குள் பெயர் வைத்துக்கொண்டேன். முதிர்வுக்கு முன் உடைப்பவர்களைக் கவுண்ட்டரில் தினம் பார்க்கிறவன் நான். ஆட்டத்தில் நானும் அவர்களைப் போலத்தான் இருந்தேன்.

இப்படிப்பட்ட ஒன்றில் முதலாவதாக எதை எடுப்பது என்பது ருசி சம்பந்தப்பட்ட விஷயம் மட்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. முதல் புத்தகம்தான் ஒரு வகையை எப்படி வாசிப்பது என்ற பழக்கத்தை உண்டாக்குகிறது. நவீன கவிதையில் தவறான முதல் தொகுப்பைக் கையில் கொடுத்து, நாம் நிரந்தரமாகத் துரத்தியடித்த நல்ல வாசகர்கள் எத்தனை பேர் என்ற கணக்கு எந்தப் பத்திரிகையிடமும் இல்லை. இங்கே செலவும் அதிகம். கவிதைத் தொகுப்பு பிடிக்காவிட்டால் அலமாரியில் செருகிவிடலாம். இது இரவு ஒன்பதரைக்கு மேல் கிடைக்கும் இரண்டு மணி நேரத்தை மாதக்கணக்கில் கேட்கும்.

2019 கடைசியில் எனக்கு முன்னால் மூன்று இருந்தன. 'ப்ளட்போர்ன்' ப்ளேஸ்டேஷன் 4-க்கு மட்டுமே வந்தது. அந்த இயந்திரம் என்னிடம் இல்லை, ஆகவே அது விலகிற்று. 'ஸெகிரோ' அந்த வருஷம்தான் வந்திருந்தது, எங்கும் அதே பேச்சு. 2011-ன் 'டார்க் ஸோல்ஸ்' 2018-ல் செப்பனிடப்பட்டு மறுபடி வெளியாகியிருந்தது. என் பழைய கம்ப்யூட்டர் அதைத் தாங்கும். தபால் இலாகாவில் வேலை செய்யும் என் கவி நண்பர், திருநெல்வேலிக்காரர், ஸெகிரோவைத் தவிர மற்றதைப் பேசவே விடமாட்டார்.

"வே, உம்ம ஆட்டத்துல எல்லாத்துக்கும் ஒரு பின்வாசல் இருக்கு. மந்திரம் வேணும்னா மந்திரம், துணைக்கு ஆள் வேணும்னா ஆள். ஸெகிரோவுல நீரும் கத்தியும்தான். படிச்சிருந்தா பொழைப்பீரு, இல்லைன்னா செத்துக் கிடப்பீரு."

அவர் சொன்னதில் உண்மை உண்டு. ஸெகிரோவில் வீரனா மந்திரவாதியா என்ற தேர்வு இல்லை. ஒரே பாத்திரம், ஒரே வாள். எதிரியின் வாள் விழும் கணத்தில் சரியாகத் தடுத்தால் அவன் நிலை குலையும். தாளம் பிசகினால் நாம் குலைவோம். அது யாப்பு. யாப்பை ஏற்காதவனுக்கு அதனுள் இடமில்லை. ஆனால் முதல் பாடத்தையே யாப்பில் தொடங்க வேண்டும் என்ற பிடிவாதம் பண்டிதர்களுடையது. நண்பர் புதுக்கவிதைக்காரர் என்பது இதில் வேடிக்கை.

நான் 'டார்க் ஸோல்ஸை' எடுத்தேன். அதன் முதல் ஒரு மணி நேரத்தை விவரமாகச் சொல்லவேண்டும்.

சிறையில் ஆரம்பம். கையில் இருப்பது உடைந்த வாளின் பிடி. ஒரு பெரிய கூடத்தில் நுழைந்ததும் மேலேயிருந்து ஒரு பூதம் குதிக்கிறது. பிடியை வைத்துக்கொண்டு அதோடு மோதலாம், மோதினால் சாவுதான். கூடத்தின் இடது பக்கம் ஒரு கதவு திறந்திருக்கிறது. ஓடிவிட வேண்டியதுதான். கொஞ்ச நேரம் கழித்து ஆயுதம் கிடைத்தபின், அதே பூதத்தின் தலைக்கு நேர் மேலே ஒரு மாடத்துக்கு வந்து சேர்கிறோம். அங்கிருந்து குதித்து வெட்டலாம். சுவரைப் பார், மேலே பார், தப்பிக்கும் வழி இருக்கிறதா பார் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லாமல் ஒரு கட்டிடத்தின் அமைப்பு சொல்லிக்கொடுக்கிறது.

பிறகு ஒரு ராட்சதக் காகம் தூக்கிக்கொண்டு போய் ஃபயர்லிங்க் என்ற பாழடைந்த கோயிலில் போடுகிறது. அங்கே மூன்று வழிகள். ஒன்று இடுகாட்டுக்கு. அது கண்ணுக்கு நேரே, மிக அருகில் இருப்பதால் புதிதாக வருபவர்களில் பெரும்பாலோர் அதில்தான் போகிறார்கள். எலும்புக்கூடுகள் சில அடிகளில் ஆளை முடித்துவிடும். இன்னொன்று கீழே, வெள்ளத்தில் முழுகிய ஒரு நகரத்துக்கு. அங்கே ஆவிகள், சாதாரண வாள் அவற்றின் ஊடாகப் போய்வரும். மூன்றாவது மலையோரமாக மேலே ஏறும் படி. போகக்கூடாத வழிக்குப் பூட்டு இல்லை, எச்சரிக்கைப் பலகையும் இல்லை. ஆனால் தீயின் பக்கத்தில் உற்சாகமெல்லாம் வற்றிய ஒரு வீரன் உட்கார்ந்திருக்கிறான். இரண்டு மணிகள் உண்டு, ஒன்று மேலே தேவாலயத்தில், மற்றது எங்கோ அடிப்பாதாளத்தில் என்று அலுப்போடு சொல்கிறான். அவன் 'மேலே' என்ற வார்த்தையை முதலில் சொன்னதைக் கவனித்தவன் படியேறுவான். கவனிக்காதவன் எலும்புக்கூடுகளிடம் கற்றுக்கொள்வான். இதை நான் வாசிப்பு என்று சொல்லத் தயங்கமாட்டேன்.

படியேறிப் போய், ஊரைக் கடந்து, பல நாட்கள் செத்து, தேவாலயத்தை அடைந்தபின் ஒரு மின்தூக்கி மாதிரியான மேடை கீழே இறங்குகிறது. இறங்கினால் நிற்பது அதே ஃபயர்லிங்க் கோயிலில். தூரம் என்று நினைத்ததெல்லாம் மடித்து வைத்த தாள். ஆட்டத்தில் வரைபடம் கிடையாது. தேசத்தை ஆடுபவன்தான் மனசில் வரைந்துகொள்ள வேண்டும். அந்த மேடை நின்ற கணத்தில் எனக்குக் கிடைத்ததை, நல்ல நாவலில் முப்பதாவது பக்கத்து வாக்கியம் இருநூறாவது பக்கத்தில் வேறு அர்த்தத்தோடு திரும்பும்போதுதான் முன்பு அனுபவித்திருக்கிறேன்.

இதே ஆட்டத்தில் வெறும் தொந்தரவும் உண்டு. பிற்பாதியில் லாஸ்ட் இஸாலித் என்ற பகுதி அவசரத்தில் அள்ளித் தெளித்த கோலம். அங்கே கடைசியில் வரும் கேயாஸ் படுக்கையின் முன் தரை திடீரென்று உடைந்து உள்வாங்கும். எவ்வளவு கவனமாக இருந்தாலும் முதல் தடவை அதை ஊகிக்க வழியில்லை. அங்கே சாவதில் கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை. நம் இருண்மைக் கவிதைகளில் பாதி இந்த ரகம். இரண்டையும் கஷ்டம் என்ற ஒரே பெயரில் அழைப்பதால்தான் விமர்சனம் மழுங்கிப்போகிறது.

2022-க்குப் பிறகு கேட்கிறவர்களிடம் எல்லோரும் 'எல்டன் ரிங்'கைத்தான் சிபாரிசு செய்கிறார்கள். காரணம் நியாயமானது. அது விரிந்த வெளி. வாசலைத் தாண்டியதும் பொற்கவசம் அணிந்த குதிரை வீரன் ஒருவன் உலவுகிறான், சுற்றிப் போய்விடலாம். கோட்டை வாயிலில் மார்கிட் அடித்து நொறுக்கினால் தெற்கே ஒரு தீபகற்பம் முழுக்கச் சுற்றி, பலமேற்றிக்கொண்டு திரும்பலாம். குதிரை உண்டு, உதவிக்கு ஆவிகள் உண்டு, வரைபடம் உண்டு. நான் முழுக்க ஆடினேன், பிரமித்தேன். ஆனாலும் முதலாவதாக அது கற்பிப்பது 'வேறிடம் போ' என்பதை. 'டார்க் ஸோல்ஸ்' கற்பிப்பது 'நின்று பார்' என்பதை. பிந்தியதை முதலில் கற்றவனுக்கு முந்தியது தானாக வரும். மறுபக்கம் அவ்வளவு நிச்சயமில்லை.

இவற்றில் பெரும்பாலானவற்றை இயக்கிய ஹிடெடாகா மியாஸாகி 2004-ல், 29 வயதில், ஆரக்கிள் கம்பெனி உத்தியோகத்தை விட்டு, சம்பளம் குறைந்தாலும் பரவாயில்லை என்று ஃப்ரம்ஸாஃப்ட்வேரில் சேர்ந்தவர். சிறுவயதில் தன் வாசிப்புக்கு மேற்பட்ட ஆங்கில மாயக்கதைகளை நூலகத்தில் எடுத்து வந்து, புரியாத இடங்களைப் படங்களை வைத்துத் தானே கற்பனையால் இட்டு நிரப்பிக்கொண்டதாகச் சொல்லியிருக்கிறார். ஆங்கில இலக்கியம் பி.ஏ. படித்த எனக்கு இதில் விளக்க ஒன்றுமில்லை. பாதி புரிந்து, மீதியை நாமே எழுதிக்கொண்டு படித்ததுதான் எங்கள் மூன்று வருஷமும். துணைக்கு வேறு ஆட்டக்காரர்கள் ஆவியாக வந்துபோகும் ஏற்பாட்டுக்கும் அவர் ஒரு பனிச்சரிவைக் காரணம் சொன்னார்: ஏற முடியாமல் கார்கள் நின்றபோது பின்னால் வந்த கார் முன்னதைத் தள்ள, இவர் காரும் அப்படியே ஏறியது, நின்று நன்றி சொன்னால் மறுபடி வழுக்கும், ஆகவே சொல்ல முடியவில்லை. நண்பர் பின்வாசல் என்று இளக்காரம் செய்வது இதைத்தான்.

போன வருஷம் என் அக்கா மகள் இதே கேள்வியைக் கேட்டாள். "மாமா, நான் எதுல ஆரம்பிக்கட்டும்?" அவளுக்குப் பதினேழு வயது. ஸ்கூட்டரிலிருந்து விழுந்ததில் இடது கை ஆள்காட்டி விரல் சரியாக மடங்காது. இந்த ஆட்டங்களில் அந்த விரல்தான் கேடயம் பிடிக்கும் விரல். ஸெகிரோவில் வாளைத் தடுக்கும் விரலும் அதுவே. பட்டன்களை மாற்றி வைத்துக்கொள்ளலாம், ஆனால் தடுப்பையும் வெட்டையும் ஒரு கைக்கே கொடுத்தால் நண்பர் சொல்லும் தாளம் குலைந்துவிடும். சுலபம், நடுத்தரம், கடினம் என்று தேர்ந்தெடுக்கும் வசதி இந்த ஆட்டங்களில் இல்லை. அது கூடாது என்று கொள்கை பேசுகிறவர்கள் எல்லோரும் பத்து விரலும் மடங்குகிறவர்கள்.

மூன்று நாள் யோசித்தேன். 'எல்டன் ரிங்' என்று சொல்லிவிடுவது சுலபம், அதில் இரக்கமும் இருக்கிறது. ஆனால் 'டார்க் ஸோல்ஸில்' மந்திரவாதியாகத் தொடங்கி, கோலை வலது கைக்கு மாற்றிக்கொண்டால், இடது ஆள்காட்டி விரலுக்கு அநேகமாக வேலையே இல்லை. நடக்க இடது கட்டைவிரல் போதும். எய்வது, உருண்டு தப்புவது, குடிப்பது எல்லாம் வலது கை. கேடயத்தை விட்டுவிட்டுத் தூரத்தைக் கணக்குப் போட வேண்டும். அந்தப் பின்வாசல் ஆரம்பத்திலேயே, யார் நீ என்று கேட்கும் பக்கத்திலேயே இருக்கிறது. அதை அவளிடம் சொன்னேன். வழி எதையும் சொல்லவில்லை.

நண்பரிடமும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமலிருந்துவிட்டு, "அந்தப் பிள்ளைக்கு அது சரி வே. உமக்கு ஸெகிரோதான்" என்றார்.

அவள் இரண்டு நாள் இடுகாட்டில் செத்தாள். பிறகு படியேறினாள். மதில்மேல் எருமைத்தலைப் பூதம் வரும் இடத்தில் பத்து நாள் நின்றாள். அங்கே நுழைந்தவுடனே பின்பக்கம் ஒரு கோபுரமும் ஏணியும் உண்டு. மேலே இரண்டு வில்லாளிகள் முதுகில் அடித்துக்கொண்டே இருப்பார்கள். ஒருநாள் ராத்திரி பதினொரு மணிக்குப் போன் வந்தது.

"ஏணி இருக்குன்னு ஏன் மாமா சொல்லல?"

"நீ கேக்கலையே."

"கேட்டிருந்தா சொல்லியிருப்பீங்களா?"

எனக்குப் பதில் வருவதற்குள் போனை வைத்துவிட்டாள். மேல் மணியை அடித்துவிட்டு அவள் கீழ் மணிக்கு இறங்கிப் போனதும், அந்த வழியிலிருக்கும் நச்சுச் சேற்று ஊரைப் பற்றி எனக்கும் அவளுக்கும் இன்றுவரை தீராத தகராறும் வேறு கட்டுரைக்கு.